பரணில் ஒளிந்த அமுக்கரா

பரணில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் கிடந்த அமுக்கராச் சூரண டப்பா, புதிதாக வந்து விழுந்த டப்பாவைப் பார்த்துத் துள்ளியது.

"அட, நீயும் அமுக்கராவா! நான் தாம்பத்திய சுகத்துக்காம். ஐயா அம்மாவுக்குத் தெரியாம வச்சிருக்கார்!"

"நானும் அதுக்குத்தான்! அம்மா ஐயாவுக்குத் தெரியாம வச்சாங்க!"

"அப்போ ரெண்டு பேருக்கும் ஆசை இருக்கு! வாய் திறந்து சொல்லிக்க மாட்டாங்களா?"

"நாம சொல்லிடுவோம். வா, குதிக்கலாம்!"

இரண்டும் தடதடவென்று கூடத்தில் விழுந்து உருண்டன. ஓடிவந்த தணிகாசலமும் மனைவி பரிமளாவும் ஆளுக்கொரு டப்பாவைப் பொறுக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"எலி தள்ளியிருக்கும்," என்றார் அவர்.

"ஆமாங்க, எலிதான்," என்றாள் அவள்.

அடுத்த நொடி இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அன்று இரவு எந்த டப்பாவின் மூடியையும் திறக்க வேண்டிய தேவையே இருவருக்கும் வரவில்லை. அதில் டப்பாக்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.