எட்டுக்கு அடுத்தது

எட்டாவது விளக்கு எரியவில்லை.

ஏழு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஏழு சத்தம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அவள் பெட்டியின் மேல் குனிந்தாள்.

உதிரிப் பாகங்களாக, கிட்டாக வாங்கிய சீக்வென்சர். எட்டுக் குமிழ்கள். ஒவ்வொன்றையும் திருகி ஒவ்வொரு சுருதி வைத்துவிட்டால், சிந்தசைசரை அதுவே வரிசையாக வாசித்துக்கொண்டு போகுமாம். நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாகங்களை ஒவ்வொரு காலாக ஈயம் உருக்கிப் பற்றவைத்திருந்தாள்.

வாயே இல்லாமல் ஒரு தாளம் எப்படித்தான் நடக்கும், பார்த்துவிடலாமே என்று.

இருபத்தாறு வருஷம் மேடையில் தகதிமி தகஜுணு என்று கொன்னக்கோல் சொன்ன வாய். தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். "இனிமே தாராளமாப் பேசலாம்மா" என்று டாக்டர் சொல்லியே பதினொரு நாள் ஆகிவிட்டது.

அவள் பேசவில்லை.

பேசினால் எந்தக் குரல் வரும் என்று தெரிந்துவிடும்.

எட்டாவது விளக்கைக் கழற்றி மூன்றாவது இடத்தில் வைத்துப் பார்த்தாள். எரிந்தது. அப்படியானால் விளக்கில் குற்றமில்லை. எட்டாவது குமிழை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருகினாள். பெட்டி சட்டை செய்யவே இல்லை. ஏழு முடிந்ததும் ஒன்று.

சமையலறையில் அவள் கணவர் ஞானவேல் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தாளத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து கூசாமல் தப்பாகத் தட்டுகிறவர். இன்றைக்கு அவர் கத்திகூட ஏழு ஏழாக விழுந்தது.

அவள் பெட்டியை அணைத்தாள். கத்தி நிற்கவில்லை.

கிட்டோடு வந்த காகிதத்தை மறுபடி விரித்தாள்.

வரிசை முடிந்ததும் முதலுக்குத் திரும்ப ஒரு வயர். அதைக் கடைசி அடிக்கு அடுத்த துளையில் பற்றவைக்க வேண்டும் என்றிருந்தது.

அடுத்த துளை.

அவள் எட்டிலேயே வைத்திருந்தாள். வேறு எங்கே வைப்பாள்? ஆதி தாளத்தில் எட்டுக்கு அடுத்தது ஒன்று. ஒன்பது என்று ஓர் இடமே அவள் பிழைப்பில் கிடையாது. பலகையில் ஒன்பதாவது துளை ஏன் இருக்கிறது என்றுகூட யோசிக்காமல் விட்டிருந்தாள்.

இப்போது அதன் மேல் விரலை வைத்தாள்.

உள்ளேயிருந்து ஞானவேல் கேட்டார்.

"நான் எண்ணினா தப்பாத்தான் வரும்னு சும்மா இருந்தேன். ஏழுதானம்மா வந்துது? எட்டாவதை யாரு தூக்கிட்டுப் போனா?"

"எட்டைத் தொட்டதுமே திரும்பிடுதுங்க. சத்தம் வர்றதுக்கு அதுக்கு எங்க நேரம்? ஒன்பதுல வச்சிருக்கணும்."

கத்தி நின்றது.

அப்புறம்தான் அவளுக்கே கேட்டது. கொஞ்சம் கீழே இறங்கி, ஓரத்தில் மணல் ஒட்டினாற்போல ஒரு குரல்.

ஞானவேல் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"எதுல வைக்கணும்னு சொன்னே? சத்தத்துல சரியாக் கேக்கலை."

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவள் விரல் ஒன்பதாவது துளையின் மேலேயே இருந்தது. காட்டினாலே போதும்.

விரலை எடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.