பிரிஞ்சுதா?

“ஏழாம் நம்பர் பெட் அம்மாவுக்கு இன்னும் பிரியல மேடம். நானும் காலையிலேர்ந்து காத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

கர்ப்பப்பைப் புற்றுநோய் வார்டில் நான்தான் கடைக்குட்டி டாக்டர். வராந்தாவில் நின்று பெரிய டாக்டரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் கணவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

“சரி மேடம், பிரிஞ்ச உடனே சொல்றேன்.”

அவருடைய கண்கள் கலங்கின. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டி மொத்தமும் வந்துவிட்டது என்று நேற்றே சொல்லியிருந்தேன். பிறகு எதற்கு இந்த அழுகை?

உள்ளே போனவன், பத்தே நிமிடத்தில் துள்ளிக் குதிக்காத குறையாக வெளியே வந்து போனை எடுத்தேன்.

“மேடம், பிரிஞ்சிருச்சு! நான் பக்கத்துலயே இருந்தேன்!”

கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டுக் கதறினார்.

“மச்சான்... பிரிஞ்சிருச்சாம் மச்சான்! எல்லாருக்கும் சொல்லிடுங்க!”

வார்டுக்குள்ளிருந்து ஏழாம் நம்பர் பெட் அம்மாவின் குரல் சீறிக்கொண்டு வந்தது.

“ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? வயித்துல காத்து பிரிஞ்சதைக்கூடவா எங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லுவாங்க?”