மஞ்சள் கொடி

"இண்டைக்கும் இறங்கேலாதாம், அன்ரி."

துர்க்கா சொல்லிவிட்டுப் பால் கோப்பையை மேசையில் வைத்தாள். அங்கே வேலைக்கு நிற்கிறவர்களில் தமிழ் பேசுகிற பிள்ளை அவள் ஒருத்திதான். அதனால் கெட்ட செய்தி எதுவென்றாலும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

"நேற்றும் இதைத்தானே சொன்னனீர்," என்றாள் பேபி. "காலமை எண்டீர், பிறகு பின்னேரம் எண்டீர், பிறகு நாளைக்கு எண்டீர்."

"நான் என்ன செய்ய அன்ரி? கனபேருக்கு வயித்தோட்டம். கப்ரின் ஒருத்தரையும் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த ரதி போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "நல்ல கப்பல். இறங்க ஒரு கரையில்லை, சூப்பிலை உப்புமில்லை."

யன்னலுக்கு வெளியே ஒன்ராறியோ ஏரி பனிப்புகாருக்குள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. புகார் விலகுகிற நேரத்தில் மட்டும் ரொறன்ரோக் கோபுரத்தின் விளக்கு மினுங்கி மினுங்கி, வா வா என்றது.

மடியில் கைக்குட்டைக்குள் இரண்டு கௌரிக் காப்புகள் இருந்தன. மகள் அட்சயா கோயிலில் வாங்கித் தந்துவிட்ட நூல்கள். கௌரி விரதம் முடிந்தும் பேபி தன்னுடையதைக் கட்டவில்லை. முதலில் கணவருடைய வலக்கையில், பிறகுதான் தன் இடக்கையில். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அதுதான் ஒழுங்கு. காப்புக் கட்டும்வரை சோறு கிடையாது, பாலும் பழமும்தான்.

"இப்பிடிச் சாப்பிடாமல் கிடந்தால் விழுந்துபோவியள். கையைத் தாங்கோ, நான் கட்டிவிடுறன்."

"அவருக்குக் கட்டாமலோ?"

இந்த மனுஷியோடு கதைத்து வெல்ல முடியாது என்று துர்க்காவுக்குத் தெரியும். ஐபாடை எடுத்து நீட்டினாள். "அங்கிளோட கொஞ்சம் கதையுங்கோ."

மகேஸ்வரன் தன் இளமையையெல்லாம் சரக்குக் கப்பல்களில் கழித்தவர். அந்த நாளில் அவர் தண்ணீரில், பேபி கரையில். கொழும்புத் துறைமுக வாசலில் குடையும் கையுமாக அவள் தவம் கிடந்தது கொஞ்சநஞ்சமல்ல. இப்போது எல்லாம் தலைகீழ். காத்து நிற்கிற முறை அவருடையது.

"பேபி, கப்பல் இப்ப எங்கை?"

"கிட்டத்தான். கோபுரம் தெரியுது."

"பின்னை ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"ஆக்களுக்கு வருத்தமாம். கரைக்கு விடமாட்டினமாம்."

"மஞ்சள் கொடி ஏத்தியிருக்கோ?"

நோய் கண்ட கப்பலில் அந்தக் காலத்தில் பறக்கவிட்ட கொடி அது. பேபி நோய் தொற்றாமலிருக்கத் துர்க்கா மேலே போட்டிருந்த மஞ்சள் அங்கியைப் பார்த்தாள்.

"ஓம். மஞ்சள்தான்."

"அப்ப சரி. அதை இறக்கினால்தான் விடுவாங்கள். நான் இஞ்சை சூட்டும் போட்டுக்கொண்டு நிக்கிறன். நேற்றும் நிண்டனான்."

"கால் உளையும். கொஞ்சம் இருங்கோவன்."

"இருந்தால் நித்திரை வரும். நித்திரை வந்தால்…"

திரை இருண்டது. பேபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான். நின்று நின்று அலுத்து, மனுஷன் ஒருநாள் முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? பிறகு அவள் வந்து இறங்கி என்ன பயன்? நீர் ஆரெண்டு கேட்டால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

வெறும் வயிற்றுக்குத் தரை மெல்ல மெல்ல ஆடியது. கண்ணை மூடினாள். ஆட்டம் சுகமாகத்தான் இருந்தது. புகாருக்குள் எங்கேயோ ஒரு சங்கு நீளமாக ஊதியது. உடம்பின் பாரமும் வயதும் எங்கே போயினவோ, அவள் சேலைத் தலைப்பு பறக்க மேல்தட்டில் நின்றாள். கப்பல் அசையவில்லை. கரைதான் அவளை நோக்கி மெதுவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். முகம் மட்டும் தெளிவாகத் தெரியவில்லை.

"அன்ரி, எழும்புங்கோ."

கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. துர்க்கா மஞ்சள் அங்கி இல்லாமல் நின்றாள்.

"கொடி இறக்கியாச்சு. கப்ரின் ஓம் எண்டிட்டார். சேலையை மாத்துங்கோ."

"உண்மையாவோ பிள்ளை?"

"உண்மையாத்தான். அங்கிள் அங்கை வந்து நிக்கிறாராம்."

பேபிக்கு நாவல் நிறச் சேலையைத் துர்க்காதான் உடுத்திவிட்டு, கொய்யக மடிப்புகளைப் பிடித்து ஊசியும் குத்தினாள். ரதிகூடப் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கும் சேர்த்து ஒருக்கால் கரையைப் பாத்துக்கொண்டு வாரும்," என்றாள். அவள் குரலில் இப்போது குறை இல்லை.

"அவர் என்னை அடையாளம் பிடிப்பாரோ?" என்று பேபி கேட்டாள்.

"கப்பலாலை இறங்கி வாற ஆளை அவர் ஒரு நாளும் விட்டதில்லையே, அன்ரி."

துர்க்கா சக்கர நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளி, முதியோர் இல்லத்தின் ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போகிற பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்ததும், மறதி நோயாளர் பகுதியின் வாசலில் சூட்டோடு நின்ற மகேஸ்வரன், "கப்பல் நல்லாப் பிந்திப்போச்சு, என்ன பேபி?" என்றபடி, அவள் இறங்குவதற்கு வலக்கையை நீட்டினார்.