மச்சானுக்கு ஒரு விருந்து

"என்ன விசேஷம் சார்? பிறந்தநாளா, கல்யாண நாளா?" என்று கேட்டுக்கொண்டே மேஜை நடுவில் ஒரு குட்டி மெழுகுவத்தியை வைத்தார் பரிமாறுகிறவர்.

"விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார் மச்சான். "இவரு என் தங்கச்சி வீட்டுக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. ஒருநாளாவது நல்லா சாப்பிடலாமேன்னு வந்தோம்."

பிற்பகல் மூன்று மணி. தண்ணீருக்குள்ளேயே தூண் நட்டுக் கட்டிய உணவகம் அது. ஒரு பக்கம் நீல விளக்கில் வரிசையாகப் பாட்டில்கள், மறுபக்கம் படகுகள். மேஜைக்கு அடியில் தரை முழுக்கக் கண்ணாடி; கீழே பச்சைத் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. மச்சான் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

"இது உடைஞ்சா நாம மீனைத் தின்ன வேண்டியதில்ல மாப்ள. மீன் நம்மளத் தின்னுட்டுப் போயிடும்."

அவன் சிரித்தான். சட்டைக்குள், பனியனை ஒட்டி, ஒரு பழுப்பு உறை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

காலையில் மேலாளர் அவனை மட்டும் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அட்டைப்பெட்டி விற்பனை படுத்துவிட்டதாம். இயந்திரப் பிரிவில் இருக்கும் மச்சானை வேலையை விட்டு நிறுத்துகிறார்களாம்.

"இங்க வச்சுச் சொன்னா பத்து பேர் கூடிடுவாங்க," என்றார் மேலாளர். "நல்ல இடமா கூட்டிட்டுப் போய்ப் பக்குவமா சொல்லுங்க. செலவு கம்பெனியோடது. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததற்காக அடுத்த நிமிடமே கூசிப்போனான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், வேலை இல்லாமல் வீட்டோடு கிடந்தவனைத் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்து அந்தக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் இறக்கியவரே மச்சான்தான்.

போன் செய்து, "மத்தியானம் வெளியில சாப்பிடலாமா மச்சான்?" என்று கேட்டான். "நானே கூப்பிடணும்னு இருந்தேன் மாப்ள," என்றார் மச்சான்.

வறுத்த மீன் வந்தது. அவன் வாயைத் திறந்தான். மச்சான் ஒரு துண்டைத் தூக்கி அவன் தட்டில் வைத்தார். அவன் மறுபடி வாயைத் திறந்தான். இன்னொரு துண்டு வந்து விழுந்தது.

"சாப்பிடுங்க முதல்ல. தங்கச்சி எப்படி இருக்கா?"

"நேத்துதானே மச்சான் வீட்டுக்கு வந்து பார்த்தீங்க."

"ஆமால்ல." மச்சான் பீரை ஒரே மூச்சில் பாதி குடித்தார். வருஷத்துக்கு ஒருதரம் தொட்டால் அதிகம், அந்த மனிதர். "பாப்பா படிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திடாதீங்க. எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. இவ்வளவு நல்ல மனிதரை இன்னும் பத்து நிமிஷம் ஏமாற்றினால் தன் முகத்தில் தானே விழிக்க முடியாது என்று தோன்றியது. சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்து மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மன்னிச்சிடுங்க மச்சான். உங்கள நிறுத்திட்டாங்க. இன்னியோட. சொல்லச் சொல்லி என்னை அனுப்பினாங்க."

மச்சான் உறையைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தை இரண்டு தரம் படித்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"என்னையுமா?" என்றார், ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"பையனுக்கு இது கடைசி வருஷம். உங்க வீட்டு அக்காவுக்கு மாசாமாசம் மருந்து. எல்லாம் எனக்குத் தெரியும்," அவன் வேகவேகமாகப் பேசினான். "எனக்கு வேலை இருக்கு மச்சான். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருக்காரு. ஒரு வீடா ஓட்டிடலாம். உங்க வீட்டு அடுப்பு அணைய நான் விடமாட்டேன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஒரு படகு கடந்துபோனது. கால்களுக்குக் கீழே தண்ணீர் எழும்பி, கண்ணாடியை முட்டிவிட்டு இறங்கியது. பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்தார். இருவரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே திரும்பிப்போனார்.

"ஏதாவது பேசுங்க மச்சான். ரெண்டு வார்த்தை திட்டுங்க. நான் வாங்கிக்கறேன்."

அவர் திட்டவில்லை. நாற்காலியில் மாட்டியிருந்த பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜிப்பைத் திறக்கவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அதே பழுப்பு நிறத்தில் ஓர் உறையை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், மேஜைமேல் மெதுவாக அவன் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கும் ஒண்ணு குடுத்து விட்டிருக்காங்க, மாப்ள."