கடைசிக் கபர்

"முதல்ல என்னை வெட்டுங்க, அப்புறம் தோண்டுங்க!"

இறந்துபோன மகன் ஷல்லாலைப் புதைத்த கபர் மேல் குறுக்கே விழுந்து படுத்துவிட்டார் கலஃப். அசீரிய நகரம் புதைந்து கிடக்கும் அந்த மேட்டில் மீசை முளைத்த நாள் முதல் தோண்டுகிறவர். ராஜா, ராணி என்று பார்க்காமல் எத்தனையோ கல்லறைகளைத் திறந்த மனுஷன், இன்று குழந்தை மாதிரி அடம் பிடித்தார்.

கூட வேலை செய்கிறவர்களுக்குச் சிரிப்பு. "ராணியோட எலும்பையே கூடையில அள்ளினவருக்கு, சொந்தப் புள்ளைன்னதும் கை நடுங்குதாக்கும்!"

அகழாய்வை நடத்தும் டாக்டர் பத்ரியாவுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அணை கட்டியாகிவிட்டது, மழை பிடித்தால் டைகிரிஸ் ஆறு மேட்டையே விழுங்கிவிடும். ஊர்க்காரர்கள் தங்கள் கபர்களையெல்லாம் தண்ணீர் எட்டாத தூரத்து மையவாடியில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் அசீரிய அரண்மனைச் சுவருக்கு நேர் மேலே இது ஒன்றுதான் பாக்கி.

"மாமா, பெத்த புள்ளையத் தண்ணிக்குள்ள விடப் போறீங்களா? நானே பதமா எடுத்துத் தர்றேன்."

"தண்ணியே கொண்டு போகட்டும்!"

அப்போது அவர் மனைவி வத்ஹா மூச்சு வாங்க மேடேறி வந்தாள். கையில் மகனின் எலும்பைச் சுற்றப் புதுக் கபன் துணி. பெண்கள் அடக்கத்துக்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. மகனை அடக்கம் செய்த அன்றும் அவள் வீட்டில்தான் இருந்தாள்.

"ஏன் இப்படிப் பண்றீங்க? மோசுல் சண்டையில காணாமப் போனவனத் தேடிக் கொண்டாந்தது நீங்கதானே? அதுவரைக்கும் ராவெல்லாம் கதவத் திறந்து வச்சிட்டுக் கிடந்தேன். அன்னைக்குத்தான் கதவச் சாத்தினேன், ஒரு வாய் ரொட்டி தின்னேன். மலை மாதிரி இருந்த புள்ளைய நீங்களும் உங்க தம்பியும் ரெண்டே பேராத் தூக்கிட்டு வந்தீங்க. இப்ப வெறும் எலும்பத் தூக்க முடியலையா?"

கலஃப் கபர் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"காலைல எடுத்துடலாம்மா," என்றாள் பத்ரியா.

"நானும் பக்கத்துல நிப்பேன் டாக்டர். அவன் தலையைக் கடைசியா ஒரு தடவை தடவிக் குடுக்கணும்." துணியைக் கபர் மேல் வைத்துவிட்டு வத்ஹா இறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் கலஃப் எழுந்து வந்து டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். தாடியெல்லாம் கண்ணீர்.

"எப்படியாவது நிறுத்து மகளே. உள்ள அவன் சட்டை மட்டும்தான் இருக்கு."