மூக்கு வரை

அப்பா மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே நான் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முன்னால் அம்மா, வெண்கலக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெயை ஏந்திக்கொண்டு நின்றாள்.

மஸ்கட்டில் இருந்த என் தங்கை சிவரஞ்சனிக்கு, எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. படத்தை மெயிலில் அனுப்பியிருப்பதாகப் போனில் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொடி சுற்றிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிட்டாள்.

கொடி சுற்றிப் பிறந்த குழந்தையின் முகத்தைத் தாய்மாமன் நேராகப் பார்த்தால் அவன் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முதலில் எண்ணெயில் தெரியும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் தாய்மாமன்தான்.

"படந்தானம்மா இது."

"தபால்ல வந்தாத்தான் படம். அது பழசு. இது இப்பத்தான வந்துக்கிட்டிருக்கு? நேர்ல பாக்குற மாதிரிதான். திரும்புன, கழுத்த ஒடிச்சிருவேன்."

என் உயிர்மேல் அம்மாவுக்கு அவ்வளவு அக்கறை.

அது இரண்டாயிரத்து ஐந்து. பூலாம்பாடியைத் தாண்டி எங்கள் ஊருக்குப் போன் கம்பி வரவில்லை. கம்பியில்லாத போன் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதையே கம்ப்யூட்டரில் செருகினால் இன்டர்நெட்டும் வரும் என்றார்கள். வந்தது. ஆனால் ஆன்டெனாவை மாடியில் கட்டிவைத்தால் வராது. நான் பிடித்தாலும் வராது. அப்பா பிடித்தால் வரும். குழாயை நட்டு, அதற்கு அப்பாவின் சட்டையை மாட்டியும் பார்த்தேன். ஏமாறவில்லை.

பக்கத்து மாடியில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்த அம்சவள்ளி அக்காவின் குரல் கேட்டது.

"என்னா மாமா, மழையக் கூப்புடுறீங்களா, காக்கா வெரட்டுறீங்களா?"

"பேத்தியக் கூப்புடுறேன். நீ குறுக்க நிக்காத புள்ள, ஒன் பக்கமாத்தான் டவரு இருக்கு."

அக்கா பயந்துபோய்ச் சோளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

படம் மேலிருந்து கீழாக, விரல் அகலம் விரல் அகலமாக வரத் தொடங்கியது. எண்ணெயில் அது எனக்குத் தலைகீழாக வந்தது. நடுநடுவே அம்மாவின் முகமும் வந்தது.

"என்னாடா வந்துச்சு?" மாடியிலிருந்து அப்பா.

"தலகாணி!"

"தலகாணி யாரு சாயலு?" இது அம்சவள்ளி அக்கா.



"நெத்தி வந்துடுச்சுப்பா!"

"கண்ணு?"

"மூடியிருக்கு. தூங்குது!"

அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரும் கத்தாதீங்க. புள்ள முழிச்சுக்கப் போவுது."

அப்பாவுக்கு முகவாயில் ஒரு குழி உண்டு. சுண்டுவிரல் நுனி உட்காரும். எனக்கும் வரவில்லை, தங்கைக்கும் வரவில்லை. ஊரில் யார் குழந்தையைத் தூக்கினாலும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது முகவாயைத்தான்.

"குழி இருக்கா பாரு," என்றார், இப்போது ரகசியம் பேசும் குரலில். மாடியிலிருந்து ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"இப்பத்தான் மூக்கு வருதுப்பா. பொறுங்க."

மூக்கு முழுதாக வந்தது.

அடுத்து வந்தது செருப்புச் சத்தம். அப்பா படியில் ஓடி இறங்கிக்கொண்டிருந்தார்.

மூக்குக்குக் கீழே படம் வெள்ளையாக நின்றுவிட்டது.

அவர் வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். மூச்சு வாங்கியது. அந்தப் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்கள யாரு எறங்கச் சொன்னது?" என்று அம்மா கையை நீட்டினாள்.

நீட்டிய கையில் கிண்ணம் இருந்தது.

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து தாளிக்கும் சத்தம் கேட்டது. திரை இருண்டது. வீடெங்கும் நல்லெண்ணெய் வாசம்.

சிரித்து முடிக்க எங்களுக்கு வெகுநேரமாயிற்று. பிறகு நான், "நாளைக்குப் பெரம்பலூர் பிரவுசிங் சென்டர்ல போயிப் பாத்துடலாம்ப்பா," என்றேன்.

அப்பா கையிலிருந்த துருவைத் துண்டில் துடைத்தார்.

"வேணாம்டா. மூக்கு வரைக்கும் பாத்தாச்சு. மீதிய நேர்லயே பாத்துக்கறேன்."

சொன்னால் சொன்னதுதான். பிறகு தங்கை தபாலில் அனுப்பிய படங்களையும், அம்மாவைப் போலவே "அது பழசு" என்று சொல்லி, உறையைப் பிரிக்க விடாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டார்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடைத்து அவர்கள் வந்துசேர வைகாசி ஆகிவிட்டது.

வாசலில் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். இந்த முறை எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி நின்றது அம்சவள்ளி அக்கா. அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள்.

எண்ணெயில் பார்த்தேன். பிறகு நேரில் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழந்தையை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். சுவரில் அப்பா இருந்தார். தங்கை வருகிறாள் என்று யாரோ பெரிய மாலையாக வாங்கிச் சாத்தியிருந்தார்கள். மூக்கு வரைதான் தெரிந்தார்.

குழந்தையின் முகவாயைத் தொட்டேன். என் சுண்டுவிரல் நுனி உட்கார்ந்தது.

அவளை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டேன்.