தூக்கும் கனம்

மேசைக் கண்ணாடியின் மேல் அந்தத் திருகுத்தண்டை மெல்ல உருட்டினான்.

தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தான். கசியவில்லை. கோணல் இல்லை.

பம்ப் கம்பெனியில் பகல் முழுக்க அடுத்தவர் செய்த பாகங்களில் கோணல் தேடுவது அவன் வேலை. வீட்டுக்கு வந்தால் இது. மரப்பலகையில் பூவும் கொடியும் தானாகச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர். சட்டத்தை அவனே அடித்தான். மற்ற மோட்டார்கள் ஏறிவிட்டன. செதுக்கும் முனையை மேலும் கீழும் கொண்டுபோகும் அச்சு ஒன்றுதான் பாக்கி.

அதற்கு எந்தத் திருகுத்தண்டு, லீட் ஸ்க்ரூவா, பால் ஸ்க்ரூவா.

மழைக்காலம் முடிந்து வெயில்காலமும் வந்துவிட்டது. அவன் இன்னும் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். பார்த்துச் சலித்த உதிரிபாகக் கடைக்காரர், இரண்டு தண்டுகளையும் ஒரு மோட்டாரையும் கையில் கொடுத்து, வேண்டாததைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அம்மாவின் அறைக்கதவு திறந்தது. அவன் மனைவி கோகிலவாணி வெளியே வந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்து நின்றாள்.

குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கட்டில்தான். மகன் தொட்டுத் தூக்கினால் கூச்சப்படுவாள் என்று வீட்டில் ஒரு பேச்சு. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது.

மருமகள் தூக்கினாள்.

கோகிலவாணி அவனுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இந்த இயந்திரத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. இன்றைக்கு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு கனம் தூக்குமுங்க?"

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மோட்டார் சின்னதுதான், ஆனால் திருகு அதன் பலத்தைப் பெருக்கிவிடும் என்றான். தோதாகப் பூட்டினால் ஓர் ஆளையே தூக்கும் என்றான்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

பால் ஸ்க்ரூ வழுக்கி இறங்கிவிடும், லீட் ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும் என்றான். என்ன, கொஞ்சம் மெதுவாக ஏறும்.

அவள் தலையாட்டினாள்.

உள்ளே அம்மா முனகினாள். கோகிலவாணி மேசையைப் பிடித்து எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கையைத் தன் தோளில் போடச் சொல்லும் அவள் குரல். கட்டிலின் கிறீச்சு. ஒரு மூச்சு, பல்லைக் கடித்து அடக்கிய மூச்சு.

தினமும் கேட்கிற சத்தம்தான்.

கையில் மோட்டாரை வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் கேட்டான்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். பால் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்தான். லீட் ஸ்க்ரூவே இருக்கட்டும், ஆனால் இன்னும் தடிமனாக, நீளமாக வேண்டும் என்றான். ரவுட்டருக்கு எதற்கு இவ்வளவு என்றார் கடைக்காரர். ரவுட்டருக்கு இல்லை, படுத்திருக்கும் அம்மாவைத் தூக்கி நாற்காலியில் வைக்க என்றான்.

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆளைத் தூக்கறதுன்னா நான் குத்துமதிப்பாச் சொல்லக் கூடாதுங்க. அம்மா எத்தனை கிலோ இருப்பாங்க?"

செதுக்கும் முனையின் எடை அவனுக்கு கிராம் சுத்தமாகத் தெரியும். அதைத் தாங்கும் தகட்டின் எடையும் தெரியும்.

கடைக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எத்தனை கிலோ இருப்பாள் என்று கேட்டான். எதற்கு என்றும் சொன்னான்.

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் விட்டது. அடுப்பை அணைக்கும் சத்தம்.

"வந்து ஒருக்கா நீங்களே தூக்கிப் பாருங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்.

எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்தான்.

அம்மா அவனைப் பார்த்ததும் சேலையைக் காலுக்கு இழுத்துவிட முயன்றாள். கை எட்டவில்லை. அவன் இழுத்துவிட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

தோளுக்கு அடியில் ஒரு கை. முழங்காலுக்கு அடியில் ஒரு கை.

அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். முதுகில் ஏதோ சுருக்கென்றது. நாற்காலி இரண்டு எட்டு தள்ளித்தான் இருந்தது, போய்ச் சேர முடியாது போலிருந்தது. அம்மாவின் மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டது.

கோகிலவாணி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

அம்மாவை உட்காரவைத்து நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் தூக்கிப் படுக்கவைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்க வெளியே வந்தான்.

கூடத்தில், பட்டப்பகலில், நாற்காலியில் சாய்ந்தபடி அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

உள்ளேயிருந்து அம்மா, "கோகிலா" என்று கூப்பிட்டாள்.

அவன் போனான்.